பிரேக் பேடுக்குக் கிலோமீட்டர் கணக்கு செல்லாது

கார் வைத்திருப்பவர்கள் நடுவே ஒரு வாய்ப்பாடு புழங்குகிறது: முன்சக்கர பிரேக் பேட் 40,000 கிலோமீட்டர் தாங்கும், அதற்குமேல் மாற்றிவிட வேண்டும். சிலர் முப்பது என்பார்கள், சிலர் ஐம்பது என்பார்கள். எஞ்சின் ஆயிலுக்கு இப்படிக் கணக்குப் பார்ப்பதில் தவறில்லை. எஞ்சின் சுற்றும் நேரமெல்லாம் ஆயிலுக்கு வேலை இருக்கிறது. பிரேக் பேட் கதை வேறு. கார் ஓடும்போது அது தேய்வதில்லை, ஓட்டத்தை அடக்கும்போதுதான் தேய்கிறது. சென்னையிலிருந்து நெடுஞ்சாலையில் திருச்சிக்குப் போய்த் திரும்பும் அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் மிதிக்கிற பிரேக்கைவிட, கல்மண்டபத்திலிருந்து எண்ணூருக்கு ஒரு வாரம் வேலைக்குப் போய்வருபவர் மிதிப்பது கூடுதலாக இருக்கலாம். ஓடோமீட்டர் இரண்டையும் பிரித்துப் பார்க்காது. ஆகவே இந்த அத்தியாயம் கிலோமீட்டரை ஒதுக்கிவிட்டு மில்லிமீட்டரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. அதிலும் வடசென்னையின் துறைமுக, ஆலைப் பகுதியில் கார் வைத்திருப்பவர் எந்தப் பேடின் மில்லிமீட்டரைப் பார்க்கிறார் என்பது முக்கியம். கண்ணுக்கு எளிதில் தெரியும் வெளிப் பேடை அல்ல, மறைவில் இருக்கும் உள் பேடைப் பார்க்க வேண்டும்.

ஏன் உள் பேட் என்பதற்கு அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மூர் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம். பிரேக் மிதித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுக்கே. டிஸ்கின் இருபுறமும் பக்கத்துக்கொரு பேட். அவற்றைப் பிடித்திருக்கும் காலிப்பரில் பிஸ்டன் உட்புறம் மட்டும்தான் இருக்கும். பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் உள் பேடை டிஸ்கின்மேல் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின்மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப் பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்தும். அந்தப் பின்கள் தாராளமாக வழுக்கும்வரை இரண்டு பேடும் ஏறக்குறைய சமமாகத் தேயும். பின் இறுகிவிட்டால் வெளிப் பேட் பேருக்கு உட்கார்ந்திருக்க, உள் பேட் தனியாகப் பாடுபடும். பெடலை விட்ட பிறகும் காலிப்பர் முழுதாகப் பின்வாங்காது. உள் பேட் டிஸ்கை உரசியபடியே வரும். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு 7 மில்லிமீட்டர் தெரியும். உள்ளே 2 மில்லிமீட்டர்தான் மிச்சமிருக்கும்.

பின் இறுகுவதற்கு முதல் காரணம் ஈரமும் உப்பும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் வரை சாலை கடலை ஒட்டியே போகிறது. பல இடங்களில் அலைக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது கருங்கல் தடுப்பு மட்டும்தான். கடற்காற்றில் வரும் உப்பு போதாதென்று மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் கரைந்த தண்ணீரும் சாலையில் சொட்டிக்கொண்டே போகிறது. பின்னைக் காப்பது அதன்மேல் போர்த்திய சிறு ரப்பர் உறை. அந்த ரப்பர் வெடித்துவிட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து துரு பிடிக்கும். துருவின் வேலை அதோடு முடிவதில்லை. பேட் என்பது ஓர் இரும்புத் தகடும் அதன்மேல் ஒட்டிய உராயும் பொருளும்தான்; மெக்கானிக்குகள் அதை ‘மெட்டீரியல்’ என்பார்கள். தகட்டின் பெயின்ட் உரிந்த ஓரத்தில் துரு நுழைந்தால் அது பருத்து, மெட்டீரியலைத் தகட்டிலிருந்து மெல்லத் தூக்கும். அப்படித் தூக்கிய பேட் 6 மில்லிமீட்டர் கனமிருந்தாலும் கழிக்க வேண்டியதே. அழுத்தம் கூடும்போது அது பெயர்ந்து விழக்கூடும். கடலோரத்துக் காரில் கனத்தோடு சேர்த்து, தகடும் மெட்டீரியலும் சேரும் கோட்டையும் பார்க்க வேண்டும். அங்கே செம்பழுப்பாகத் துருக்கோடு ஓடினாலோ, நகத்தை வைத்தால் இடைவெளி தட்டுப்பட்டாலோ அளவெடுக்க வேண்டிய வேலையே இல்லை.

உப்பின் கணக்கில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அதிகம் ஓடாத காருக்குத்தான் அது கூடுதல் தீங்கு செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் கார், வீட்டு வாசலில் கடற்காற்று வாங்கிக்கொண்டு ஆறு நாள் நிற்கிறது. தினமும் ஓடினால் பேடும் டிஸ்கும் ஒன்றையொன்று துடைத்துக்கொள்ளும், பின்களும் அசைந்துகொண்டிருக்கும். நிற்கும் காரில் இரண்டும் நடப்பதில்லை. மின்சாரக் கார் வாங்கியவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால் பேட் மிக மெதுவாகத் தேயும் என்று விற்பவர் சொல்வது உண்மைதான். ஆனால் பயன்படாத பேட் துருவுக்குத் திறந்த வீடு. ‘என் வண்டி பதினைந்தாயிரம்கூட ஓடவில்லை, பேடை எதற்குப் பார்ப்பது’ என்ற கேள்வி இந்தக் கரையில் எடுபடாது.

அடுத்தது போக்குவரத்து. திருவொற்றியூர் டி.எச். ரோட்டிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி எம்.எஃப்.எல். சந்திப்பிலும் கன்டெய்னர் டிரெய்லர்களின் வாலைப் பிடித்து ஊர்கிறவர்கள், பேட் தேய்வதற்கு இந்த ஊர்தலே காரணம் என்று சொல்வார்கள். இதை அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்துவதும், 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒன்பது முறை நிறுத்துவதும் பேடுக்கு ஏறத்தாழ ஒரே சுமை. நெரிசலில் 10, 15 என்று ஊர்ந்து நிற்பதால் மட்டும் பேட் கரைந்துவிடாது. இங்கே பேடைத் தின்பது நெரிசல் விடுபட்ட மறுநிமிடம் நடப்பது. அரைமணி நேரம் அடைபட்டிருந்தவர் காலிச் சாலையைக் கண்டதும் அறுபதுக்கு மேல் அழுத்துகிறார். சிறிது தூரத்தில் கன்டெய்னர் யார்டிலிருந்து இன்னொரு டிரெய்லர் குறுக்கே வளைகிறது. நாற்பதடி நீளம் திரும்பி முடியும்வரை சாலை முழுவதும் அடைப்பு. அந்த ஒரு மிதிக்குப் போகும் தேய்மானம், வரிசையில் நின்று மிதித்த எத்தனையோ மிதிகளுக்குச் சமம். ஆக, ஒரே சாலையில் ஒரே அலுவலகத்துக்கு ஒரே மாடல் காரில் போகும் இருவருக்குப் பேடின் ஆயுள் இரண்டு மடங்குகூட வேறுபடலாம். கிலோமீட்டர் வாய்ப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு தேவையில்லை.

தூசியைப் பற்றியும் அளவோடு பேச வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்டவரை ராயபுரத்து மொட்டை மாடிகளில் கரும்பொடி படிந்துகொண்டிருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2011-ல் அந்தச் சரக்குகளைக் கையாள்வது அங்கே நின்றது, நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. இப்போது எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் நிலக்கரித் தூளும் உண்டு, அனல் மின்நிலையங்களின் சாம்பலும் உண்டு. இவற்றில் கரித்தூள் ஓரளவு மென்மையானது. சாம்பலில் சிலிக்கா இருக்கிறது. கடற்கரை மணலைப் போலவே அது டிஸ்குக்கும் பேடுக்கும் நடுவே சிக்கினால் அரம் போல ராவும். டிஸ்கில் இசைத்தட்டுக் கோடுகளைப் போல வட்டவட்டமாகப் பள்ளம் விழுவது இதனால்தான். நகம் சிக்காத மெல்லிய கோடுகளைப் பொருட்படுத்த வேண்டாம். நகம் சிக்கி நிற்கும் பள்ளம் இருந்தால், பேடை மட்டும் மாற்றினால் புதுப் பேடும் சீக்கிரம் போய்விடும். அப்போது டிஸ்கை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாமா, மாற்ற வேண்டுமா என்பதை டிஸ்கின் கனம் சொல்லும். அது இறங்கக்கூடாத குறைந்தபட்ச அளவைப் பெரும்பாலான கம்பெனிகள் டிஸ்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ பொறித்திருப்பார்கள். ஆனாலும் உப்போடு ஒப்பிட்டால் தூசி இரண்டாம் இடம்தான். தூசி பேடைச் சற்று விரைவாகத் தேய்க்கும், அவ்வளவே. உப்பு தேய்மானத்தையே ஒருபக்கமாகச் சாய்த்து, பார்ப்பவரை ஏமாற்றுகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: பேட் தேய்ந்தால் அதுவே கத்திச் சொல்லுமே, நாம் ஏன் குனிந்து பார்க்க வேண்டும்? பேட் தகட்டில் ஒரு சிறிய வளைந்த ஸ்பிரிங் தகடு வைத்திருப்பார்கள். மெட்டீரியல் ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கு இறங்கும்போது அது டிஸ்கைத் தொட்டுக் கீச்சென்று கத்தும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் இந்தப் பகுதியில் அதை மட்டும் நம்புவதற்கில்லை. பல கார்களில் அது ஒரு சக்கரத்துக்கு ஒரு பேடில் மட்டுமே இருக்கும். மற்றப் பேட் முதலில் தேய்ந்தால் கத்த ஆளில்லை. மலிவு விலைப் பேடுகள் சிலவற்றில் அந்தத் தகடே இருக்காது. இருந்தாலும், கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு, இருபுறமும் டிரெய்லர்கள் உறுமும் சாலையில் போகிறவர் காதில் அது விழ வேண்டும். மறுபுறம், கத்துவதெல்லாம் தேய்மானமும் அல்ல. காலையில் முதல் இரண்டு மிதிகளுக்குக் கறகறவென்று கேட்டு நின்றுபோனால், அது இரவில் டிஸ்கின்மேல் பூத்த துரு, கவலை வேண்டாம். வண்டி சூடான பிறகும் மிதிக்கும்போதெல்லாம் கீச்சிட்டால் பார்க்க வேண்டும். இரும்போடு இரும்பு உரசும் கரகரப்பு, பெடலில் காலுக்கே தெரியும்படி வந்துவிட்டால் மெட்டீரியல் தீர்ந்து தகடு டிஸ்கை அறுக்கிறது என்று பொருள். அதன்பிறகு வண்டியை ஓட்டக்கூடாது. அருகிலிருக்கும் மெக்கானிக்கை வரவழைப்பதே சரி.

ஆகவே கண்ணால் பார்ப்பதுதான் வழி. புதுப் பேடில் மெட்டீரியல் பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். தகட்டின் கனம் 5 மில்லிமீட்டரை ஒட்டி. தகட்டைக் கணக்கில் சேர்க்காமல் மெட்டீரியலை மட்டும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுவதும் ஒடித்து நிறுத்தி, செல்போன் டார்ச்சைச் சக்கரத்தின் பின்புறமிருந்து அடித்தால் பல கார்களில் உள் பேடின் ஓரம் தெரியும். தெரியவில்லையென்றால் டயர்க் கடையில் சக்கரங்களை இடம் மாற்றும்போதோ பஞ்சருக்குக் கழற்றும்போதோ பார்த்துவிடலாம். அதற்கென்று தனிச் செலவு இல்லை. அளவுகோல் கையில் இல்லாவிட்டால் தகட்டோடு ஒப்பிடலாம். மெட்டீரியல் தகட்டைவிடத் தடிமனாக இருந்தால் நிம்மதி. தகட்டின் கனத்துக்கு வந்துவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் என்றால் மாற்றிவிட வேண்டும். பல கம்பெனிகள் 2 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கின்றனவே என்றால், அந்த எண் நான்கு பேடும் சீராகத் தேய்வதாக வைத்துக்கொண்டு போட்டது. ஒரே பேட்கூட மேல்முனையில் 4, கீழ்முனையில் 2 என்று சரிந்து தேயும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் கையிருப்பு ஆடம்பரமல்ல. பேட் மெலியும்போது டிஸ்கின் சூடும் எளிதாகப் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் போய்ச் சேர்கிறது என்பது இன்னொரு காரணம்.

ஒருமுறை பார்த்ததை எழுதி வைத்துக்கொண்டால் வாய்ப்பாட்டுக்குப் பதில் உங்கள் காரின் கணக்கே கிடைத்துவிடும். 11 மில்லிமீட்டரில் தொடங்கிய பேட் 20,000 கிலோமீட்டரில் 6-க்கு இறங்கியிருந்தால், மில்லிமீட்டருக்கு 4,000 கிலோமீட்டர். 3 மில்லிமீட்டர் வர இன்னும் 12,000 இருக்கிறது. உள் பேடுக்கும் வெளிப் பேடுக்கும், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். உள்ளும் வெளியும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் இந்தக் கணக்கை மூடிவைத்துவிட்டுப் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வண்டி ஒருபக்கம் இழுத்தாலும், ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தாலும் சந்தேகம் அங்கேதான். மாறாக, பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங்கோ பெடலோ துடித்தால் அது பெரும்பாலும் டிஸ்கின் கோளாறு, பேடை மாற்றினால் தீராது. மெட்டீரியல் தகட்டைவிடத் தடிமனாக இருக்கும்வரை, பார்ப்பதற்கு ஆண்டில் இரண்டு தடவை போதும். ஒன்று கட்டாயம் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழை இறங்குமுன். 4 மில்லிமீட்டரோடு மழைக்காலத்துக்குள் போவதும் ஜனவரியில் 4 மில்லிமீட்டரோடு இருப்பதும் ஒன்றல்ல. செப்டம்பரில் அந்த அளவைப் பார்த்தால் மாற்றிவிடுவதே மேல்.

பிரேக் ஆயில் ஒரு மறைமுகச் சாட்சி. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நகர்ந்து நிற்பதால் டப்பாவில் ஆயில் மட்டம் சிறுகச் சிறுக இறங்கும். இறங்கியதைப் பார்த்ததும் ஊற்றி நிரப்புவது பலரின் வழக்கம். சாட்சியைக் கலைப்பது அதுதான். ஊற்றுமுன் பேடைப் பார்க்க வேண்டும். பேட் தேயாமல் மட்டம் மட்டும் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அது பேட் விஷயத்தைவிட அவசரம்.

கனம் மிச்சமிருந்தும் உடனே மாற்ற வேண்டிய நிலை ஒன்று இந்தப் பகுதிக்கு ஏற்கெனவே நேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, எண்ணூர்க் கழிமுகம் என்று பரவியது. கரையோர வீடுகளின் சுவர்களிலேயே கறுப்புக் கோடு படிந்தது. அத்தகைய தண்ணீரில் சக்கரம் மூழ்கி நின்ற காரின் பேடைக் கழுவிப் பயனில்லை. மெட்டீரியல் நுண்துளைகள் கொண்டது, எண்ணெயைக் குடித்துவிடும். பெட்ரோலில் நனைத்து எடுப்பது, நெருப்பில் வாட்டுவது போன்ற கைவைத்தியங்கள் மேற்பரப்பைச் சுத்தம் செய்யும். அடுத்த சூட்டில் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி கசிந்து வரும். டிஸ்கைத் துடைத்துவிட்டுப் பேடைப் புதிதாகப் போடுவதுதான் தீர்வு. வெறும் மழைத்தண்ணீர் என்றால் இவ்வளவு தேவையில்லை. மெதுவாகப் போய்க்கொண்டே பெடலைச் சிலமுறை லேசாக அழுத்தினால் காய்ந்துவிடும். ஆனால் சேற்றுநீரில் நின்ற காரின் பின் டிரம்மைக் கழற்றாமல் விடக்கூடாது. உள்ளே போன சேறு தானாக வெளியே வராது.

‘மெக்கானிக் எப்போதும் மாற்றத்தான் சொல்வார், அவருக்கு லாபம்’ என்ற சந்தேகத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கு மருந்தும் மில்லிமீட்டர்தான். ‘தேய்ந்துவிட்டதா’ என்று கேட்காமல் ‘உள் பேட் எத்தனை இருக்கிறது, காட்டுங்கள்’ என்று கேட்டால் பேச்சு அளவுக்கு வந்துவிடும். மாற்றிய பிறகு பழைய நான்கு பேடையும் வாங்கிப் பார்க்கலாம், தயங்காமல் கொடுப்பார்கள். கடைசிவரை ஓட்டிக் காசு மிச்சம் பிடிப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: கடைசி 2 மில்லிமீட்டரில் மிச்சப்படுவது ஒரு பேட் செட்டின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது, தகடு அறுத்த டிஸ்க் ஜோடியை மாற்றினால் பேடைப் போலச் சில மடங்கு செலவு. பேட் வாங்க உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு வரை போகிறவர்கள் விலையைவிடப் பெட்டியைக் கவனிப்பது நல்லது. பிரேக் உராய்பொருள் தொழில் சென்னைக்குப் புதிதல்ல. பாடியிலும் அம்பத்தூரிலும் பல பத்தாண்டுகளாக அதைத் தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. பெயர் தெரிந்த தயாரிப்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்போது பெட்டியில்லாத பேடை வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றை அடித்துப் பிரேக் தூசியை ஊதித் தள்ளும் பழக்கம் பல ஷெட்டுகளில் இருக்கிறது. அந்தத் தூசியை மூச்சில் இழுப்பது அங்கே வேலை செய்யும் பையன்கள். ஈரத்துணியாலோ பிரேக் கிளீனர் அடித்தோ துடைக்கச் சொல்லலாம்.

மாற்றும்போது இடது வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு பேடும் மாற வேண்டும். ஒருபக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி இழுக்கும். பின்களைக் கழற்றித் துருவை நீக்கி, பிரேக்குக்கென்று விற்கும் சூடு தாங்கும் கிரீஸ் தடவி, வெடித்த ரப்பர் உறைகளை மாற்றுவதையும் அதே கூலியில் பேசிக்கொள்ள வேண்டும். கடலோரத்தில் இதைத் தவிர்த்துவிட்டுப் புதுப் பேட் போடுவது பாதி வேலைதான். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்து, பெடலைத் தொளதொளப்பாக்கிவிடும். பின் டிரம்மில் இருக்கும் ஷூக்கள் பேடைவிட நெடுநாள் வரும். இரண்டு முறை பேட் பார்த்தால் ஒருமுறை டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் போதும். நாள்கணக்கில் வண்டியை நிறுத்துகிறவர்கள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாமல், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது. உப்புக்காற்றில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

புதுப் பேட் போட்டதும் ஷெட்டை விட்டு வண்டியை எடுக்குமுன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளித்தான் பேடை மாட்டியிருப்பார்கள். முதல் மிதி காலியாகத்தான் இறங்கும். பிறகு முதல் இருநூறு கிலோமீட்டருக்கு அவசர பிரேக்கைத் தவிர்த்து, முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் கூட்டமில்லாத நீளச் சாலை கிடைத்தால், 60-லிருந்து 20 வரை நிதானமாகக் குறைத்து, இடையே சிறிது ஓடவிட்டு ஆறவைத்து, பத்துத் தடவை செய்தால் பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று பொருந்திவிடும். இடையில் முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்திருக்கக் கூடாது. சூட்டில் மெட்டீரியல் டிஸ்கின் ஒரே இடத்தில் அப்பிக்கொண்டால் பிறகு மிதிக்கும்போதெல்லாம் பெடல் துடிக்கும். வீடு திரும்பியதும் ஓடோமீட்டர் எண்ணையும், நான்கு பேடின் தொடக்க அளவையும், தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த செப்டம்பர்க் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.